‘ஆச்சுங்க’ என்றால் எத்தனை சதவீதம்

1

பாஸ்போர்ட் புதிதாக வந்ததால், இங்கே வசிப்பதற்கான அட்டையையும் மாற்ற வேண்டியிருந்தது. பழைய அட்டையில் பழைய பாஸ்போர்ட் எண் இருக்கிறதாம். ஆள் அதே ஆள்தான், முகமும் அதே முகம்தான், கொஞ்சம் தொங்கிப்போயிருக்கிறது, அவ்வளவே. ஆனாலும் மாற்றியாக வேண்டும். வெளிநாட்டினர் அலுவலகத்தில் நேரம் கேட்டுப் போன் செய்தேன். ஜெர்மனியில் முன்கூட்டி நேரம் வாங்காமல் யாரையும் பார்க்க முடியாது. பக்கத்து வீட்டில் காப்பி குடிக்கக்கூட நேரம் குறிக்க வேண்டும்.

போனில் அந்த அம்மாள் ‘ஹால்ப் ட்ஸேன்’ என்றார். அரைப் பத்து என்று அர்த்தம். நான் பத்தரைக்குப் போய் நின்றேன். இவர்கள் கணக்கில் அரைப் பத்து என்றால் பத்தாவது மணியில் பாதி முடிந்திருக்கிறது, அதாவது ஒன்பதரை. வந்த புதிதில் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு ரயிலை விட்டிருக்கிறேன், பல் டாக்டரை விட்டிருக்கிறேன். அதற்கப்புறம் தவறியதே இல்லை. இந்தக் குளிர்காலத்தில் மறுபடி தவறுகிறது. களைத்துப்போனால் எனக்குத் தமிழில்தான் எண்ண வருகிறது.

அலுவலர் இளைஞர், நல்லவர். ஒரு மணி நேரம் பிந்தி வந்த என்னைத் திருப்பி அனுப்பாமல், இடையில் யாரோ வராமல் போனதால் உட்காரச் சொன்னார். கைரேகை எடுத்தார், படத்தைச் சரிபார்த்தார். முன்பெல்லாம் இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: எவ்வளவு காலம் தங்குவதாக உத்தேசம்? நானும் தவறாமல் ‘இரண்டு வருடம்’ என்பேன். முதல் தடவை சொன்னபோது அது சத்தியமான பதில். இந்த முறை அவர் அதைக் கேட்கவேயில்லை. அட்டை வீட்டுக்குத் தபாலில் வரும், நல்ல நாளாக அமையட்டும் என்று எழுந்துவிட்டார்.

வெளியே பனி உருகி நடைபாதையெல்லாம் சேறு. கேட்கவில்லையே என்று எனக்கு எதற்கு வருத்தம் வர வேண்டும்? ஆனால் வந்தது. டிராமுக்குக் காத்திருந்த நேரமெல்லாம் அதுதான் மனதில் ஓடியது.

2

நான் பிறந்தது வடகரப்பதியில். கேரளத்துக்குள் இருக்கிற, கோயம்புத்தூர்த் தமிழ் பேசுகிற ஊர். வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. வில்லேஜ் ஆபீசில் மலையாளம், சந்தையில் தமிழ், பள்ளிக்கூடத்தில் இரண்டும் கலந்து அடி. இப்போது இருப்பது வட ஜெர்மனியில், ஹனோவர் நகரத்தில். என்ன வேலை என்று ஊரில் கேட்பவர்களுக்கு இத்தனை வருடத்தில் நான் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. ‘கம்ப்யூட்டர் ஜோலி’ என்று முடித்துக்கொள்வேன். ஒரு தடவை மட்டும், பெரியம்மா விடாமல் துருவிக் கேட்டதால், உள்ளபடி சொன்னேன். பெரிய பெரிய மென்பொருள் வேலைகள் இருக்கும் பெரியம்மா, நூற்றுக்கணக்கானவர்கள் வருடக்கணக்கில் செய்வார்கள். அது எவ்வளவு முடிந்திருக்கிறது, மீதி எப்போது முடியும் என்று பார்த்துச் சொல்வது என் வேலை.

பெரியம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். “செய்யறதும் இல்ல, செய்ய வெக்கறதும் இல்ல. எப்ப முடியும்னு கேக்கறதுக்குச் சம்பளமா கண்ணு?” என்றார். நான் சிரித்தேன். இங்கே சில மேலாளர்களுக்கும் அதே சந்தேகம்தான், வாய்விட்டுக் கேட்பதில்லை.

பார்க்கப் போனால் இது திண்ணைக் கிழவி கணக்குப் பார்ப்பது மாதிரியான வேலை. ஒரு பெரிய திட்டம் ஒரே நாளில் ஒரு வருடம் தள்ளிப்போவதில்லை. ஒவ்வொரு நாளாகத் தள்ளிப்போகிறது, ஒவ்வொரு நாளுக்கும் நியாயமான காரணம் இருக்கிறது. ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார், ஒரு சின்னத் திருத்தம் கேட்டார்கள், அந்தத் திருத்தம் இன்னொன்றை உடைத்தது. யாரும் பொய் சொல்வதில்லை. ஆனால் வாரம் ஒருமுறை ‘எத்தனை சதவீதம்?’ என்று கேட்டால் எல்லோரும் ‘தொண்ணூறு’ என்கிறார்கள். அடுத்த மாதமும் தொண்ணூறு. அதற்கடுத்த மாதமும் தொண்ணூறுதான்.

அதனால் நான் சதவீதத்தை நம்புவதில்லை. முடிந்தது என்று அவர்கள் சொல்வதை எண்ணாமல், உபயோகிக்கப்போகிறவர் உட்கார்ந்து பார்த்து ‘சரி’ என்று ஒத்துக்கொண்டதை மட்டும் எண்ணுவேன். புதிதாக எத்தனை பிழை கிளம்புகிறது என்பதையும் எண்ணுவேன். வேலை முடிகிற கட்டத்தில் பிழைகள் குறைய வேண்டும். குறையாமல் ஏறிக்கொண்டே இருந்தால், முடிவு பக்கத்தில் இல்லை என்று அர்த்தம். வாராவாரம் மிச்சமிருப்பதைப் புள்ளிவைத்து ஒரு கோடாக இழுத்தால் அது எங்கே தரையை, அதாவது பூஜ்யத்தை, தொடுகிறதோ அதுதான் தேதி. அதுவும் ஒற்றைத் தேதியாக இருக்காது, இதற்கும் அதற்கும் இடையில் என்றுதான் சொல்ல முடியும். அது யாருக்கும் பிடிப்பதில்லை. எல்லோருக்கும் ஒற்றைத் தேதி வேண்டும், அதுவும் அவர்கள் ஏற்கெனவே மேலே வாக்குக் கொடுத்துவிட்ட தேதியாக இருக்க வேண்டும்.

3

இப்போதைய வேலை, இந்த வட்டாரத்து மருத்துவமனைகளுக்கு ஒரு மருந்துக் குறிப்பு மென்பொருள். எந்த நோயாளிக்கு என்ன மருந்து, எவ்வளவு, எப்போது என்று நர்சுகள் காகிதத்தில் பார்ப்பதை இனித் திரையில் பார்ப்பார்கள். முதலில் குழந்தைகள் வார்டில் தொடங்குவதாக ஏற்பாடு. ஏப்ரலில் தொடக்கம். அமைச்சர் வந்து பொத்தானை அழுத்துவார் என்றுகூடப் பேச்சு. திட்ட இயக்குநர் பிரிகிட்டே என்கிற அம்மாள், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

மென்பொருளை எழுதுகிறவர்களில் பாதிப்பேர் இங்கே, பாதிப்பேர் கேரளத்தில். கேரளக் குழுவுக்குத் தலைவர் முருகானந்தம். பேரைக் கேட்டதுமே நம்ம பக்கமோ என்று பட்டது. முதல் கூட்டம் முடிந்து எல்லோரும் இணைப்பைத் துண்டித்த பிறகு, “நீங்க எந்த ஊருங்க தம்பி?” என்று தமிழில் கேட்டேன். கொழிஞ்சாம்பாறை. எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். பெங்களூரில் பல வருடம் குப்பை கொட்டிவிட்டு, வீட்டிலிருந்தே பார்க்கிற இந்த வேலை கிடைத்ததும் ஊருக்கே திரும்பிவிட்டார். மாடியில் ஒரு அறை, இரண்டு இண்டர்நெட் இணைப்பு, கரண்ட் போனால் இன்வெர்ட்டர். கீழே மனைவி கோகிலா, ஒன்றாம் வகுப்பில் மகள், அப்பா அம்மா, கொல்லையில் ஒரு மாடு. “ஊட்டுச் சோறு தின்னுட்டு ஜெர்மனிக்காரனுக்கு ஜோலி பாக்கறனுங்கக்கா. இதுக்கு மேல என்னங்க வேணும்?” என்றார். எனக்குப் பொறாமையாக இருந்தது. நாங்கள் கிளம்பின காலத்தில் இப்படி ஒரு வழி இருந்ததா என்ன?

அதற்கப்புறம் ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் ஐந்து நிமிடம் தமிழ்ப் பேச்சு. வாரத்திலேயே நான் களைப்பில்லாமல் பேசுகிற நேரம் அதுதான்.

கூட்டத்திலும் முருகானந்தம் நல்ல பிள்ளை. எதைக் கேட்டாலும் ஆங்கிலத்தில் ‘முடிந்துவிட்டது, சின்னச் சின்ன விஷயம்தான் பாக்கி’ என்பார். பிரிகிட்டே தன் அட்டவணையில், எல்லாம் சரி என்று பச்சை நிறம் போடுவார். தனியாகக் கேட்டால் என்னிடமும், “ஆச்சுங்கக்கா, இன்னும் கொஞ்சோண்டுதானுங்க” என்பார்.

இந்த ‘ஆச்சுங்க’ எனக்குத் தெரிந்த சரக்கு. எங்கள் பக்கத்தில் மூத்தவர்களோ விருந்தாளியோ ‘ஆச்சா?’ என்று கேட்டால், ‘இல்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்வது மரியாதை கிடையாது. கிணறு வெட்டுகிறவரும் ஆச்சு என்பார், துணி தைக்கிறவரும் ஆச்சு என்பார். கேட்பவருக்கும் அது தெரியும். சொல்கிறவர் கண்ணைப் பார்த்துச் சொல்கிறாரா, வேறெங்கோ பார்த்தபடி சொல்கிறாரா, சொல்லிக்கொண்டே வேகமாக நடக்கிறாரா என்று பார்த்து அவரவர் கழித்துக்கொள்வார்கள். ஊரில் இது ஒழுங்காகவே நடக்கிறது. திரையில் தீப்பெட்டி அளவுக்குத் தெரிகிற முகத்தில் நான் என்னத்தைப் பார்த்துக் கழிப்பது? ஜெர்மன்காரர்களோ கழிக்கவே மாட்டார்கள், சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொள்வார்கள்.

ஆனால் அவர்களைப் பெரிய அரிச்சந்திரர்கள் என்றும் சொல்ல மாட்டேன். இங்குள்ள குழுவிடம் கேட்டால், ‘கொள்கையளவில் முடிந்தது’ என்பார்கள். கொள்கையளவில் முடிந்தது என்றால் எதுவும் முடியவில்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு நாலு வருடம் பிடித்தது. பூசி மெழுகுவதில் ஊருக்கு ஊர் பாணிதான் வேறு.

4

பிப்ரவரியில் என் கோடு சரியில்லாமல் போனது. நர்சுகள் ஒத்துக்கொண்ட வேலைகள் மெதுவாக ஏறின, புதுப்பிழைகள் அதைவிட வேகமாக ஏறின. முடிந்தது என்று மூடின வேலைகளே திரும்பத் திரும்பத் திறந்தன. கோடு ஏப்ரலில் தரையைத் தொடவில்லை. டிசம்பரிலும் தொடுமா என்பது சந்தேகம். எல்லா அறிக்கையும் பச்சையாக இருக்கும்போது நான் மட்டும் இதைக் காட்டினால், ‘கோடுதானே’ என்பார்கள். உள்ளே என்ன உடைந்திருக்கிறது என்று தெரிய வேண்டும்.

முருகானந்தத்திடம் கேட்டேன். ஆச்சுங்க என்றார். மறுநாள் வேறு மாதிரிக் கேட்டேன். அதற்கும் ஆச்சுங்கதான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபப்பட்டால் இன்னும் இரண்டு ‘ங்க’ சேருமே தவிர உண்மை வராது என்று எனக்குத் தெரியாதா?

அன்றைக்கு வீட்டில் குக்கரை வைத்துவிட்டு நிற்கும்போதுதான் கல்யாண வீட்டுச் சமையல் நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பந்தியைப் பார்த்துக்கொள்வது எங்கள் சித்தப்பா. சமையல்காரரிடம் போய் ‘ஆச்சா?’ என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அடுப்பில் அரிசியே போடாவிட்டாலும் ஆச்சு என்றுதான் பதில் வரும். சித்தப்பா கட்டு இலையைக் கையில் எடுத்துக்கொண்டு போய் நிற்பார். “இலை போட்டரலாங்களா?” என்பார். அப்போது சமையல்காரர் கரண்டியை வைத்துவிட்டு நிஜத்தைச் சொல்வார். இலை போட்டு, ஆட்கள் உட்கார்ந்து, தண்ணீர் தெளித்தபிறகு சோறு வரவில்லையென்றால் அந்தக் கேவலத்துக்கு மருந்து கிடையாது. அதனால் அந்தக் கேள்விக்கு மட்டும் எந்தச் சமையல்காரரும் மரியாதைக்காகப் பொய் சொல்ல மாட்டார்.

அடுத்த கூட்டம் முடிந்ததும் முருகானந்தத்தை நிறுத்திவைத்தேன். எவ்வளவு முடிந்தது என்று கேட்கவில்லை.

“தம்பி, திங்கக்கிழமை குழந்தைக வார்டுல காயிதத்த எல்லாம் எடுத்தரச் சொல்றேன். நர்சுக நம்முளுத மட்டும் பார்த்து மருந்து குடுக்கட்டும். இலை போட்டரலாங்களா?”

இணைப்பு போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை. அவர் வீட்டில் கீழே யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

“வேண்டாங்கக்கா,” என்றார். “குழந்தைகளுக்கு வேண்டாங்க.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். குழந்தைகளுக்கு மருந்தளவு எடையை வைத்துத்தான். ஒரு வார்டிலேயே இருந்தால் எல்லாம் சரியாக வருகிறது. ஒரு வார்டிலிருந்து இன்னொன்றுக்குக் குழந்தையை மாற்றினால் சில சமயம் பழைய எடையே நின்றுவிடுகிறது. சரிசெய்வார்கள், வேறொரு பக்கம் உடையும். அடித்தளத்திலேயே தவறு, பாதியைப் பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டும். இங்குள்ள குழுவுக்கும் தெரியும், அவர்கள் கொள்கையளவில் முடித்துவிட்டார்கள். இவருடைய கம்பெனியிலோ, சிவப்பு நிறம் மட்டும் விழக்கூடாது, விழுந்தால் கேரளக் குழுவையே கலைத்துவிடுவார்கள் என்று மேலேயிருந்து சொல்லியிருக்கிறார்கள்.

“கலைச்சா நான் மறுபடி பெங்களூருதானுங்க. இல்லாட்டி அதுக்கும் அந்தாண்ட. பாப்பாவ இப்பத்தானுங்க இங்க ஸ்கூல்ல சேர்த்துருக்கறேன். அப்பனுக்கும் முடியறதில்ல.” எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “உங்களுக்குத் தெரியாததுங்களாக்கா? நம்ம பேரு வராம எழுத முடியுங்களா?”

பார்க்கிறேன் தம்பி என்றேன். அந்த வாரம் முழுக்கப் பார்த்தேன். இதைச் சொன்னால் ஊரில் நிம்மதியாக இருக்கிற ஒரே ஆளை ஊரைவிட்டுக் கிளப்பினவளாவேன். சொல்லாவிட்டால் ஏதோவொரு குழந்தைக்குப் பழைய எடைக்கு மருந்து போகும். இரண்டையும் தராசில் வைத்தால் எது கனம் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் அறிக்கையைத் திறந்து திறந்து மூடினேன்.

அந்த வாரத்தில் ஒருநாள் மகள் நிலா, பள்ளி முடிக்கப்போகிறவள், அட்டை மாற்றின கதையைக் கேட்டுச் சிரித்தாள். அரைப் பத்துக்கு இன்னுமா தடுமாறுகிறாய் என்று ஜெர்மனில் கேலி செய்தாள். பிறகு சாதாரணமாக, “நீங்க ரெண்டு பேரும் எப்ப ஊருக்குப் போவீங்க?” என்றாள். என்னையும் அவள் அப்பாவையும் பற்றிக் கேட்கிறாள். ஏதோ நாங்கள் இங்கே விருந்துக்கு வந்தவர்கள் மாதிரியும், அவள் இந்த வீட்டுக்காரி மாதிரியும். அவள் சொன்னதில் தப்பும் இல்லை. இரண்டு வருடம் என்றுதான் வந்தோம். அப்புறம் இவளுக்குப் பாலர் பள்ளி, அப்புறம் பள்ளிக்கூடம், நடுவில் மாற்ற வேண்டாமே என்று ஒரு வருடம், அவருக்கு மூட்டு அறுவை, எனக்குப் பதவி உயர்வு. ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருந்தது. அடுத்தவர் வேலைக்கெல்லாம் கோடு போடுகிற நான் இதற்கு மட்டும் கோடு போட்டதேயில்லை.

5

இங்குள்ளவர்கள் மட்டும் கூடின கூட்டத்தில் சொல்லிவிட்டேன். பெயரைச் சொல்லாமல்தான் ஆரம்பித்தேன். கோட்டைக் காட்டினேன், திரும்பத் திறந்த வேலைகளைக் காட்டினேன், எடை விஷயத்தைச் சொன்னேன். ஏப்ரல் நடக்காது, இந்த வருடக் கடைசி என்பதே நல்லபடியாகப் போனால், இல்லையென்றால் அடுத்த வருட நடுப்பகுதி என்றேன். குழந்தைகள் வார்டில் இதைத் தொடங்கினால் ஒரு குழந்தைக்காவது தப்பு நடக்கும் என்று நேராகச் சொன்னேன். என் ஜெர்மன் அன்றைக்குத் தடுமாறவில்லை.

யாரும் கத்தவில்லை. இங்கே கத்த மாட்டார்கள், தண்ணீர் குடிப்பார்கள். உள்ளூர்க் குழுத்தலைவர் தன் தம்ளரையே பார்த்தார். பிரிகிட்டே மட்டும், இவ்வளவு நாள் எல்லாமே பச்சையாக இருந்ததே, எப்படி என்று கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அங்கேதான் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். கேரளக் குழுவைக் காப்பாற்றுவதாக நினைத்து விளக்கினேன். அவர்கள் ஏமாற்றவில்லை, எங்கள் பக்கத்தில் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது வழக்கமில்லை, நேரில் இருந்தால் முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்வோம், திரை வழியாக அது தெரியாது, சரியான கேள்வியைக் கேட்டதும் அந்தக் குழுத்தலைவர்தான் முதலில் உண்மையைச் சொன்னவர், இங்கே யாரும் சொல்லவில்லை என்றேன். சொல்லும்போது பெருமையாகக்கூட இருந்தது.

பிரிகிட்டே எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். முடிவு அடுத்த வாரம் வந்தது. தொடக்கம் தள்ளிவைப்பு. அமைச்சருக்கு அவரே கடிதம் எழுதிவிட்டார், அந்தத் தைரியத்தைப் பாராட்ட வேண்டும். அடித்தளத்தைப் பிரித்துக் கட்டுவது. இனி அந்த வேலை தூரத்திலிருந்து நடக்காது, வார்டுக்குப் பக்கத்திலேயே, நர்சுகளோடு உட்கார்ந்துதான் நடக்கும். கேரளக் குழு கலையும். மற்றவர்களை அவர்கள் கம்பெனியே வேறு வேலைகளில் போடும்.

“உண்மையைச் சொன்ன அந்த மனிதர் எனக்கு இங்கே வேண்டும்,” என்றார் பிரிகிட்டே, என்னைத் தனியாகக் கூப்பிட்டு. பரிசு கொடுக்கிற முகத்தோடு சொன்னார்.

அவர் அங்கிருந்தே செய்யலாமே, அவருக்கு அப்பா அம்மா இருக்கிறார்கள், சின்னக் குழந்தை இருக்கிறது என்றேன். மன்றாடினேன் என்றே சொல்லலாம்.

“நேரில் இருந்தால்தான் புரியும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?” என்றார் பிரிகிட்டே.

சொன்னது நான்தான்.

6

மாலையில் முருகானந்தமே கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குரல் உற்சாகமாக இருக்க முயற்சி செய்தது. கம்பெனியில் பேசிவிட்டார்களாம், ஜூனில் விசா ஆகிவிடுமாம், தங்க இடம் முதல் மூன்று மாதத்துக்கு அவர்களே கொடுப்பார்களாம். வரமாட்டேன் என்றால் வேறு வேலை இப்போதைக்கு இல்லை என்றும் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பகுதியை வேகமாகச் சொல்லிக் கடந்தார்.

“ரெண்டு வருசந்தானுங்களே அக்கா. முடிச்சுக் குடுத்துட்டு வந்தர்லாங்க. கோகிலாவும் பாப்பாவும் இங்கயே இருக்கட்டும். அப்பன் அம்மாவையும் பார்த்துக்கோணுமில்லீங்க.”

குழந்தைகள் வார்டு விஷயத்தில் நான் செய்ததைத் திரும்பவும் செய்வேன், அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் என்னால்தானே தம்பி என்று சொல்லவந்தேன். அவர் விடவில்லை. “அட, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சொல்லாம உட்டிருந்தா எனக்குத்தானுங்க தூக்கம் வந்திருக்காது,” என்றார். பிறகு, கோகிலா உங்களிடம் பேச வேண்டுமென்கிறாள் என்று போனைக் கொடுத்தார். மாடிப்படியில் அவர் இறங்கிப்போகிற சத்தம் கேட்டது. மனைவி தனியாகப் பேசட்டும் என்றுதான் போகிறார் என்று புரிந்தது.

கோகிலாவோடு நான் அதற்குமுன் பேசியதில்லை. முருகானந்தத்துக்குப் பின்னால் அவள் நடந்து போவதைத் திரையில் ஒன்றிரண்டு தடவை பார்த்திருக்கிறேன். நல்லா இருக்கீங்களா என்று கேட்டாள், பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். அப்புறம் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தாள்.

“ஏனுங்கக்கா, எந்த வேலை எப்ப முடியும்னு சொல்றதுதான் உங்க ஜோலின்னு அவரு சொன்னாருங்க. அதான் உங்களையே கேக்கலாம்னு. ரெண்டு வருசத்துல வந்துருவாருங்களா?”

எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் மனதில் வரிசையாக வந்தார்கள். இந்த ஊரிலேயே எங்களைப் போல இரண்டு வருடத்துக்கு வந்த குடும்பங்கள். திரும்பிப் போனவர்களை நினைத்துப் பார்த்தேன். ஒருவர் வேலை போய்ப் போனார், ஒருவர் பெட்டியில் போனார். தானே சொன்ன தேதிக்குக் கிளம்பினவர் என்று ஒருவரும் தட்டுப்படவில்லை. மரியாதைக்கு ஒரு பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அந்தப் பெண்ணும் அதைக் கேட்டுச் சந்தோஷமாகப் போனை வைத்திருப்பாள், இங்கே அவர் தனியாக ஓர் அறையில் இருக்க, அங்கே இவள் வருடத்தை எண்ணிக்கொண்டிருப்பாள்.

“வரமாட்டாரு கண்ணு,” என்றேன். “அவரு மனசுல கள்ளம் ஒண்ணும் இல்ல. வரோணும்னுதான் இருப்பாரு. ஆனா ரெண்டு வருசத்துல வந்த ஆளை நான் பார்த்ததில்ல. அவரத் தனியா அனுப்பாத. வந்தா நீயும் பாப்பாவும் சேர்ந்து வாங்க. அப்பா அம்மாவுக்கு யாரு இருக்கறாங்கன்னு இப்பவே பாருங்க. முடியாதுன்னா, இந்த வேலையே வேண்டாம்னு இப்பவே சொல்லச் சொல்லு. பாதில சொல்ல முடியாது.”

அழுதுவிடுவாளோ என்று பயந்தேன். அழவில்லை. பேசினபோது குரல் சாதாரணமாக, கணக்குப் பார்க்கிற குரலாக இருந்தது.

“அப்ப மாட்டை வித்தரட்டுங்களாக்கா? சினையா இருக்குதுங்க. ரெண்டு வருசத்துல வந்துருவாருன்னா நானே எப்படியோ பார்த்துக்கலாம்னு இருந்தனுங்க. நாங்களும் கெளம்பிட்டா மாமனாரால முடியாதுங்க.”

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

“வித்துரு கண்ணு,” என்றேன்.